அப்பாவின் சட்டைகளில் ஒரு போர்வை

தையல் மிஷின் இருக்கிற வீட்டில் பழைய துணிக்கு மோட்சமே கிடையாது. புடவை தூளியாகும், தூளி தலையணை உறையாகும், உறை கரித்துணியாகும், கடைசியில் கால்மிதியாகி வாசலில் கிடக்கும். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் மிஷின் துடைக்க ஒரு துண்டு கிழித்து வைத்துக்கொள்வோம். தைக்கிற கை உள்ளவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் 'குப்பையைச் சேர்க்கிறாள்' என்பார்கள்!

நான் சேர்த்து வைப்பது ஒட்டுப் போர்வைக்காக. ஆங்கிலத்தில் குவில்ட் என்பதால் ஏதோ வெளிநாட்டு வித்தை போலத் தெரிகிறது. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் கனத்துக்கு ஒன்று, அடியில் முழுத் துணி; மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். அவ்வளவுதான். வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பதுதான் காந்தா. வட கர்நாடகத்தில் இதே வேலைக்குக் கௌதி என்று பெயர். நம் தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்குகிறதே தொம்பை, அதுவும் துணியின் மேல் துணி வெட்டி வைத்துத் தைத்ததுதான்.

அப்பா காலமானபோது பீரோவில் அவருடைய அரைக்கைச் சட்டைகள் பதினொன்று இருந்தன. சைக்கிள் கடை வைத்திருந்தவர். எல்லாம் கட்டம் போட்ட சட்டைகள், எல்லாவற்றிலும் எங்காவது ஒரு கிரீஸ் கறை. பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தை ஒரு பெரிய பையோடு வந்து நின்றார்.

"போனவங்க துணிய வீட்ல வெச்சிருக்கக் கூடாது அண்ணி. யாருக்காவது குடுத்துடுங்க."

அம்மா பதில் சொல்லவில்லை. பையை வாங்கி மடித்துப் பீரோவுக்கு மேலே வைத்தார். சட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதற்குப் பிறகு அம்மா பீரோவைத் திறப்பதும், பார்ப்பதும், மூடுவதுமாக நான்கு மாதம் போனது. கொடுக்கவும் மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை. நான்தான் கேட்டேன், "போர்வையா தைச்சிடட்டுமாம்மா?" என்று. "வெட்டணுமே" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு இரண்டு வாரம் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் ஒரு தூரத்து ஊர்க் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து ஓடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் பருத்திப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் வாழும் ஊர். அந்த ஊர்ப் பெண்கள் கிழிந்த வேலைத் துணியையும் சாக்கையும் வைத்துத் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியம் மாதிரிச் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்க அரசு அவற்றை அஞ்சல் தலையாகவும் வெளியிட்டது. அவற்றில் ஒன்று, மிசௌரி பெட்வே என்பவர் 1942-ல் தைத்தது. கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடைகளையே கிழித்துத் தைத்திருக்கிறார். மகள் அர்லோன்சியா கூட உட்கார்ந்து உதவியிருக்கிறார். முழங்கால் தேய்ந்த பேன்ட் துணி, வெளுத்துப்போன நீலம், பாக்கெட் பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காத கட்டம். படத்தில் பார்த்தாலே அந்த மனிதர் எங்கே குனிந்தார், எங்கே மண்டியிட்டார் என்று தெரிகிறது.

அந்தப் படத்தை போனில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தம்மாவும் வெட்டித்தானே இருக்கு" என்றார். மறுநாள் காலை சட்டைகள் மிஷின் மேல் இருந்தன.

ஐந்தடிக்கு ஏழடி என்று முடிவு செய்தேன். ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டினால், நாலு பக்கமும் கால் அங்குலம் தையலில் போய் ஆறு அங்குலம் நிற்கும். வரிசைக்குப் பத்து, பதினான்கு வரிசை, மொத்தம் 140 துண்டுகள். சட்டைக்குச் சராசரி பதின்மூன்று தேறியது. முதுகுதான் பெரிய வயல். காலரும் அக்குளும் தேறாது. பலமுறை துவைத்த துணியில் ஒரு சௌகரியம், இனிமேல் சுருங்காது.

கறை பட்ட இடங்களை ஒதுக்கித்தான் குறியிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "அத ஏன் விடுற? அது இல்லாம அவர் சட்டையா?" என்றார். கிரீஸ் பட்ட துண்டுகளையும் சேர்த்து வெட்டினேன். ஒரு சதுரத்தில் பாக்கெட்டை அப்படியே விட்டேன்.

இதில் கட்டம் போட்ட துணியைப் போலச் சோதிப்பது வேறொன்றும் இல்லை. பூப்போட்ட துணி கொஞ்சம் கோணினாலும் காட்டிக்கொடுக்காது, கட்டம் ஊருக்கே சொல்லும். காட்டன் ஒரு பக்கம் இழுக்கும், டெரிகாட்டன் வழுக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தைத்தால் ஒன்று மற்றதைவிட நீளமாகி நிற்கும். ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் வித்தியாசம் என்றால் கண்ணுக்கே தெரியாது. ஒரு வரிசையில் ஒன்பது தையல். கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு மேல். அடுத்த வரிசையோடு வைக்கும்போது வால் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி நீட்டிய ஒரு வரிசையை மூன்று தடவை பிரித்தேன். நாலாவது தடவை, 'அப்பா பெடலும் கொஞ்சம் கோணல்தான் மாட்டுவார்' என்று சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

நாலு முனை சேரும் இடத்தில் எட்டு மடிப்பு துணி திரண்டுகொள்ளும். ஊசி 'டக்' என்று ஒடிந்து ஒரு பாதி என் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி போடாதவர்களும் தைக்கும்போது ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வரிசையின் மடிப்புகளை இடப்பக்கம் தேய்த்தால், அடுத்த வரிசையில் வலப்பக்கம் தேய்க்க வேண்டும். கனம் பிரிந்துவிடும், முனையும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டி இல்லாமல் இந்த வேலையே இல்லை.

பெரிய கூத்து அடித்துணியில். மெரூன் கலரில் ஆசையாக வாங்கிய காட்டன், "சாயம் போகவே போகாது மேடம்" என்று கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. ஈரமாக்கி ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் ரோஜாப் பூ! மூன்று தண்ணீர் அலசியும் வாளி குங்குமக் கரைசலாகவே இருந்தது. அதைத் தைத்து ஒரு தடவை துவைத்தால் பதினொரு சட்டையும் ஒரே நிறமாகியிருக்கும். தூக்கி ஓரமாகப் போட்டேன்.

அம்மா உள்ளே போய்த் தன்னுடைய பழைய சின்னாளப்பட்டிப் புடவை ஒன்றை எடுத்துவந்தார். "இது சாயம் போற காலமெல்லாம் தாண்டிடுச்சு" என்றார். ஏழடிக்குச் சற்று அதிகமாக இரண்டு நீளம் வெட்டி, நடுவில் ஓட்டினால் அகலம் போதும். நடு அடுக்குக்குப் பஞ்சு வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நம் ஊர் வெயிலில் பஞ்சுப் போர்வையைப் போர்த்திக்கொள்வது யார்? அப்பாவின் இரண்டு வேட்டிகள் அங்கே போயின.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, பின் குத்தி, கையால் ஓட்டுத்தையல் போட்டது அம்மாவும் நானும். அம்மாவுக்குக் கண் சரியில்லை, நூல் கோத்துக் கொடுத்தால் போதும். அவர் தையல் கடுகு அளவு, என்னுடையது மிளகு. ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் நான். கடைத் திறந்த வருஷக் கதை, கடன்காரன் கதை, நான் பிறந்த அன்று அப்பா வாடகை சைக்கிளிலேயே ஆஸ்பத்திரி வந்த கதை எல்லாம் அந்த ஒன்றரை மாதத்தில்தான் கேட்டேன். நான்கு மாதமாக அப்பா பெயரை எடுக்காதவர், ஒவ்வொரு துண்டையும் தொட்டு, "இது தீபாவளிக்கு எடுத்தது, இது நீ வாங்கிக் குடுத்தது" என்று சொல்லிக்கொண்டே தைத்தார்.

அத்தை வந்து பார்த்தார். ஓரத்தைப் புரட்டி, உள்ளே தெரிந்த வேட்டியைத் தடவி, ஒன்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டுப் போனார். போன வாரம் போன் செய்து, "ஏண்டி, மாமாவோட லுங்கி ஆறு இருக்கு, அதுல வருமா?" என்கிறார். வரும் என்றேன். லுங்கிக் கட்டமும் லேசுப்பட்டதில்லை, பார்ப்போம்!

பாக்கெட் வைத்த துண்டு அம்மாவின் தலைமாட்டுப் பக்கம் வருகிறது. ராத்திரி மூக்குக் கண்ணாடியை அதில்தான் போட்டுக்கொள்கிறார். இரண்டு தடவை துவைத்ததில் ஒரு மூலையில் தையல் விட்டிருக்கிறது. கொடுத்தால் அரை மணி நேர வேலை. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தினமும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.