தாம்பரத்தில் ஒரு கம்பமும் மூன்று திசைகளும்

தாம்பரம் ரயில் நிலையத்தில், பெருங்களத்தூர் பக்கம் நடைமேடை முடிகிற இடத்தில் நிற்கிறேன். பீச்சிலிருந்து இங்கே 1931-ல் மின்ரயில் ஓடத் தொடங்கியது; அன்றிலிருந்து தண்டவாளத்துக்கு மேலே கம்பிகள்தான். நான் பார்க்க வந்தது அந்தக் கம்பிகளில் ஒரு நீளம் முடிந்து கட்டப்பட்டிருக்கும் கம்பத்தை. ஒரு பக்கம் வட்டு வட்டாக அடுக்கிய எடைகள் தொங்குகின்றன. மறுபக்கம், தெருமுனை ஈ.பி. கம்பத்துக்கு ஸ்டே கம்பி போடுவதுபோல, சாய்வாக ஒரு இரும்புத் தண்டு தரைக்குள் இறங்குகிறது.

ரயில்வேயின் வழக்கமான ஏற்பாட்டில் இந்த எடைகள் சுமார் 665 கிலோ. கப்பிகள் அதை மூன்று மடங்காக்கி, மேலும் கீழுமாகப் போகும் இரண்டு கம்பிகளையும் சேர்த்து 2,000 கிலோ விசையில் இழுத்துப் பிடிக்கின்றன. வெயில் 10 டிகிரி ஏறினால் 750 மீட்டர் செம்புக் கம்பி ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நீளும். எடைகள் அதைப்போல மூன்று மடங்கு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கீழே இறங்கிக்கொள்ளும். கம்பி தொய்வதில்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு!

இனி கம்பத்தின் மேல் விழும் விசைகளைக் கூட்டிப் பார்க்கலாம். கம்பி தண்டவாளத்தின் நடுவிலிருந்து ஓரத்துக் கம்பத்துக்கு வருகிறது. 50 மீட்டர் தூரத்தில் 2.5 மீட்டர் விலகல் என்று வைத்துக்கொள்வோம். அந்த 2,000 கிலோவில் தண்டவாளத்தை ஒட்டிய கூறு 1,997. பக்கவாட்டுக் கூறு 100. தொங்கும் எடை கீழ்நோக்கி 665. நேராகக் கூட்டினால் 2,762 வரும், அது தவறு. மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்து. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் தொகுபயன் விசை சுமார் 2,107 கிலோ.

பக்கவாட்டு 100 கிலோவை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால்? 2,105 வருகிறது. இரண்டு கிலோதான் வித்தியாசம். பரீட்சைத் தாளில் அதைத் தள்ளிவிடத் தோன்றும். கம்பத்தின் அடியில் நின்று பார்க்கிறவருக்குத் தோன்றாது. சாய்ந்த தண்டு தண்டவாளத்துக்கு இணையாகவே போகிறது. 1,997 கிலோவை அது பின்னால் இழுத்துச் சமன் செய்யும். சாய்வாக இருப்பதால் கம்பத்தைக் கீழேயும் அழுத்தும். ஆனால் தனக்குச் செங்குத்தாக வரும் விசையில் ஒரு கிலோவைக்கூட அதனால் ஏற்க முடியாது. அந்த 100 கிலோ முழுவதும் கம்பத்துக்கும் அதன் கான்கிரீட் அடித்தளத்துக்கும்தான். 6 மீட்டர் உயரத்தில் அது இழுத்தால் அடியில் 600 கிலோ-மீட்டர் திருப்புத்திறன். பிளஸ் ஒன் மாணவர்கள் வெக்டர் பாடத்துக்கு முன் ஒருமுறை இங்கே வந்து நிற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மொத்தம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், எந்தத் திசையில் யார் தாங்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

சில கம்பங்கள் தள்ளி இருக்கும் ஒரு கம்பத்தில் தண்டும் இல்லை, எடையும் இல்லை. கம்பி அங்கே நடுக்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் ஒரு பக்கம் விலகியிருக்கிறது. அதற்கடுத்த கம்பத்தில் மறுபக்கம். ரயிலின் மேலிருக்கும் தொடுபட்டை ஒரே இடத்தில் தேயாமலிருக்க இந்த வளைசல். முன்னால் இழுக்கும் விசையும் பின்னால் இழுக்கும் விசையும் அடிபட்டுப் போகின்றன. 50 மீட்டருக்கு ஒரு கம்பம் என்றால் பக்கவாட்டில் மிஞ்சுவது 32 கிலோதான். கம்பிகளின் சொந்த எடையோடு அதையும் அந்தக் கம்பம் தனியாகவே தாங்கிவிடுகிறது.