முதற்பங்கு

டோபி காட்டில் ஓடையைத் தேடுவோர் ஏமாறுவர். சலவைத் தொழிலாளர் துணி வெளுத்த அந்நீர் கால்வாயாகித் தரைக்கடியில் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் இரயில் நிலையத்தில் எஞ்சியிருக்கிறது. அந்நிலையத்தின் வாயிலில்தான், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், என் முதற்சம்பளமாகிய 700 வெள்ளியுடன் அம்மாவுக்காகக் காத்திருந்தேன்.

அம்மா வந்ததும், நின்ற நிலையிலேயே 70 வெள்ளியை எண்ணிக் காணிக்கை உறையில் இட்டார். தசமபாகம்! அப்பா நோயுற்று வேலையிழந்திருந்த காலம் அது. வாடகை இரண்டு மாதம் நிலுவை. மளிகைக் கடையில் எங்கள் பெயருக்குரிய 555 குறிப்பேடு நிறைந்து, அடுத்த ஏடு தொடங்கியிருந்தது.

"கடனை அடைத்த பிறகு கொடுக்கலாமே, அம்மா?" என்றேன்.

"மிஞ்சியதைக் கொடுப்பதற்குப் பெயர் காணிக்கை இல்லையப்பா" என்றார்.

உலையில் அரிசி இடுமுன் ஆலயத்திற்கென ஒரு பிடியைத் தனிப்பானையில் போடும் திருநெல்வேலிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வறட்சியில் அப்பிடி சிறுத்ததேயன்றி நின்றதில்லையாம்.

அன்றிரவு நான் உறையைத் திறந்து 50 வெள்ளியை எடுத்துவிட்டேன். மறுநாள் அதைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். தவறில்லை என்றே என் அறிவு இன்றும் வாதிடுகிறது. ஆயினும் ஞாயிறன்று அவ்வுறையைத் தட்டில் இட்ட அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் இயலவில்லை.

கொடுத்தால் பன்மடங்காகத் திரும்பும் என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அது வட்டிக்கு விடுவது. ஜான் கிறிஸ்டியன் அருளப்பர் நிலையான ஊதியத்தை மறுத்து, 1840இல் கிறிஸ்டியான்பேட்டையை நிறுவி, மனமுவந்து வந்த கொடைகளை நம்பி ஊழியம் செய்தார், செல்வராகவில்லை. டோபி காட்டிலிருந்து சில நிமிட நடையில் பிரின்செப் தெரு ஆலயம் இருக்கிறது. 1843இல் அங்கு மலாய்ச் சபைக்கு ஆலயம் எழுப்பிய கீஸ்பெரி, 1847இல் இலண்டன் மிஷன் சிங்கப்பூர்ப் பணியை முடித்துக்கொண்டபோது, ஊதியத்தை விட்டு ஊரில் தங்கினார். கைகட்டி அமர்ந்திருக்கவில்லை, அச்சகம் நடத்திப் பிழைத்துப் பணியைத் தொடர்ந்தார். நம்பிக்கை உழைப்புக்கு விடுமுறை அளிப்பதில்லை போலும்.

எங்கள் வீட்டிலும் அற்புதம் ஏதும் நிகழவில்லை. நிலுவை தீர ஓராண்டு பிடித்தது.

அப்பா மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், உறையைத் திறந்த செய்தியை அம்மாவிடம் ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் வியப்படையவில்லை.

"கையில் எடுத்தபோதே தெரிந்தது. அடுத்த ஐந்து மாதமும் பத்துப் பத்தாக நானே போட்டுவிட்டேன்."

அந்த ஐந்து மாதமும், மூக்குக்கண்ணாடி மாற்ற இப்போது அவசரமில்லை என்று சொல்லி, இரவுதோறும் வேதாகமத்தை என்னைத்தான் அவர் வாசிக்கச் சொன்னார்.