கிரீஸ் கை

எங்கள் அப்பா வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில் மிஷினுக்கு ஆயில் போடுகிறவர். மஸ்டரில் அவருக்கு 'லேபர்' என்றுதான் பேர். ஆயில்காரர் என்றோ கிரீஸ்காரர் என்றோ எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை. ஆனால் அந்தப் பேக்டரியில் எது சுற்றினாலும் அதன் சத்தத்தை வைத்து நோய் சொல்கிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

தாத்தாவைக் கங்காணி சங்கரன்கோவில் பக்கத்துப் பள்ளக்குடியிலிருந்து மலையேற்றிக் கொண்டு வந்தார். அந்தக் கதையெல்லாம் டாக்டர் பி.எச். டேனியல் 1969லேயே 'ரெட் டீ' என்று எழுதிவிட்டார், தமிழிலும் 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் கொண்டு வந்தார். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு இரும்புக் கம்பியைப் பற்றி.

மலையில் கம்பிக்குத் தனி மரியாதை உண்டு. வால்பாறைப் பக்கம் ரோப்வே என்றே ஒரு இடத்துக்குப் பேர். மூணாறு பக்கம் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டி கம்பியில் தொங்கித்தான் இறங்கியது. 1924 வெள்ளம் அங்கே இருந்த ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போனது. கம்பி கட்டின தொரைமார் பேரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. கம்பிக்குக் கிரீஸ் வைத்தவன் பேரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

எங்கள் பேக்டரியில் இருந்தது ரோப்வே இல்லை, கொழுந்து ஏற்றுகிற லிப்ட். கீழே கொழுந்துச் சாக்கை எடை போட்டுக் கூண்டில் அடுக்குவார்கள். கூண்டு மேலே வாட்டுற மாடிக்குப் போகும். 'ஆட்கள் ஏறக்கூடாது' என்று போர்டு உண்டு. மேல் கப்பிக்குக் கிரீஸ் வைக்க அப்பா மட்டும் அந்தக் கூண்டில்தான் ஏற வேண்டும். அப்போது போர்டு யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆறு புரியாக முறுக்கின கம்பி அது. ஒவ்வொரு புரிக்குள்ளும் மெல்லிய இழைகள். கம்பி ஒரேயடியாக அறுவதில்லை, இழை இழையாகச் செத்துக்கொண்டே வரும். அப்பா பழைய சாக்குத்துணியைக் கம்பியில் லேசாகச் சுற்றிப் பிடிப்பார். கூண்டை மெல்ல ஓட்டச் சொல்லுவார். அறுந்த இழை இருந்தால் துணியைக் கொக்கி மாதிரி பிடித்து இழுக்கும். "ஏலே, கண்ணு பொய் சொல்லும், துணி பொய் சொல்லாது" என்பார். (இன்றைக்கு நாங்கள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு. ஓடுகிற கம்பியில் கை வைக்காதே, துணியோடு கையையும் கப்பிக்குள் இழுத்துவிடும், நிறுத்தி நிறுத்திப் பார். அப்பாவுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. இடது கையில் இரண்டு விரல் நுனி இல்லாமல்தான் இருந்தார்.)

கெடுகிற இடம் எதுவென்றும் அவருக்குத் தெரியும். கூண்டு தரையில் நிற்கும்போது மேல் கப்பி மேல் உட்கார்ந்திருக்கிற பாகம். பாரத்தைத் தூக்குகிற முதல் வெட்டிழுப்பை வளைந்தபடி வாங்குகிறது அதுதான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது. கூண்டை முழுசாக மேலே ஏற்றிவிட்டால் அந்தப் பாகம் டிரம்மில் சுற்றிக்கொண்டு மறைந்துவிடும். கூண்டைப் பாதியில் நிறுத்தினால்தான் அகப்படும்.

அப்போது இருந்த 1948ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 28ஆம் பிரிவு லிப்டுக்கானது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தகுதி பெற்ற ஆள் வந்து முழுக்கச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கூண்டு வந்து நிற்காமல் கதவு திறக்கக் கூடாது. எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைக் கூண்டில் எழுதி வைக்க வேண்டும். 29ஆம் பிரிவு சங்கிலி, கயிறு, பளு தூக்கும் மற்ற சாமான்களுக்கு, பன்னிரண்டு மாசத்துக்கு ஒரு தடவை. நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதுத் தொகுப்பு வந்துவிட்டது.

1986இல் எனக்குப் பதினாலு வயசு. மாசி மாசம் சோதனைக்காரர் கீழ்நாட்டிலிருந்து வந்தார். பங்களாவில் சாப்பாடு. பேக்டரியில் கால் மணி நேரம் நின்றிருப்பார். கூண்டு தரையில் நின்றது, அண்ணாந்து பார்த்தார், ஆபீசுக்குப் போய்விட்டார். அப்பா ஆபீஸ் வராந்தா வரைக்கும் போனார். உள்ளே போகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. வாசலில் நின்று, "ஐயா, மேக் கப்பிகிட்ட ஒரு சுத்துல நாலு இழை போயிருக்கு, பாதியில நிறுத்திப் பாக்கணும்யா" என்று டீமேக்கரிடம் சொன்னார். டீமேக்கர், "கிரீஸுக் கையோட நோட்டுப் பக்கம் வராதே, போ" என்றார்.

அப்பா போய் மண்ணெண்ணெயில் கை கழுவி, அதுக்கு மேலே சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்ப வந்தார். கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அப்போதும் அதே பேச்சுதான். கிரீஸ் இல்லை என்பது அவருக்கும் தெரியும், டீமேக்கருக்கும் தெரியும். பதிவேட்டில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று ஏறியது.

ஆடி மாசம். மலையில் மழை விடாமல் ஊற்றுகிற நேரம், கொழுந்துச் சாக்கு தண்ணீர் குடித்து ஒன்றரைப் பங்கு கனக்கும். எடை போட்ட கணக்கில் தண்ணீரைக் கழித்துவிடுவார்கள், கம்பிக்கு அந்தக் கழிவு கிடையாது. கதவு அடிக்கடி திறந்து மூட நேரமாகுது என்று கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. கூண்டு நெஞ்சு உயரம் ஏறியதும் ஒரு சாக்கு வெளியே சரிந்தது. எங்கள் லைன் அக்கா ஒருத்தி அதை உள்ளே தள்ளப் போனாள். கம்பி அறுந்தது. கூண்டு அவள் வலது பாதத்தில் இறங்கியது. அவள் கத்தியது பாடி வரைக்கும் கேட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. பாதம் போய்விட்டது. அப்புறம் அவளைக் கொழுந்து பொறுக்கிச் சுத்தம் பண்ணுகிற வேலையில் உட்கார வைத்தார்கள், அதுவும் சங்கத்து ஆட்கள் நின்று கேட்டதால்.

சார்ஜ் மெமோ அப்பாவுக்கு வந்தது. ஒழுங்காகக் கிரீஸ் வைக்கவில்லையாம். விசாரணை அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக ஆபீசுக்குள் போனார். கையில் ஒரு பீடித் தகர டப்பா. துணியில் மாட்டின இழைத் துண்டுகளை எல்லாம் அதில் போட்டு வைத்திருந்தார். மேஜையில் கொட்டினார். பதினொன்று. "இது எந்தக் கம்பியோடதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்கள். அறுந்த கம்பியைக் கொண்டு வாங்க, வச்சுப் பாப்போம் என்றார் சங்கத்துக்காரர். அது ஏற்கெனவே பழைய இரும்புக்குப் போய்விட்டது. பதினைந்து நாள் சம்பளமில்லாமல் நிறுத்தினார்கள். அந்தப் பதினைந்து நாளும் அப்பா வீட்டில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்குப் பயமாகிவிட்டது.

ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து நான் கோயமுத்தூர் இறங்கினேன். இப்போது வேலை, ஆள் தூக்குகிற லிப்டுகளைப் பராமரிப்பது. மில்லில், குடோனில், கூரை உயரத்துக்கு ஆளைத் தூட்டி மாதிரித் தொட்டியில் ஏற்றுகிற பூம் லிப்ட், கத்தரி மாதிரி விரிகிற சிசர் லிப்ட். ஆயில் ஓஸில் கசிவு, டயர், சாய்ந்தால் கத்துகிற அலாரம், கரண்ட் போனால் கீழே இறக்குகிற வால்வு, தொட்டியில் நிற்கிறவன் பெல்ட்டை மாட்டுகிற வளையம். தினமும் காலையில் வேலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இவை. பார்க்காமலே டிக் போட்ட காகிதத்தை ஒரு நிமிசத்தில் கண்டுபிடித்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக் இருக்கும்.

கம்பி வேலைக்கான முதல் பயிற்சியில் வாத்தியார் கணக்குச் சொன்னார். ஒரு புரி முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிற நீளத்துக்குள் ஆறு இழை அறுந்திருந்தால், அல்லது ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தால், கம்பியைக் கழற்றிப் போடு. நான் நோட்டில் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா சொன்ன நாலும் ஒரே புரியில் இருந்ததா என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குள் அவர் செத்து மூன்று வருசம்.

பழனி ரோப் கார் 2004இல் ஓட ஆரம்பித்தது, 2007இல் விபத்து, நான்கு பேர் செத்தார்கள். இன்றைக்கு வருசத்துக்கு ஒரு தடவை வாரக்கணக்கில் நிறுத்திவிட்டுத்தான் வேலை பார்க்கிறார்கள், பக்தர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். ஜார்க்கண்டில் தேவ்கர் பக்கம் திரிகூட மலையில் 2022 ஏப்ரல் 10ஆம் தேதி ரோப்வே நின்றுபோய் ஜனங்கள் அந்தரத்தில் தொங்கினார்கள். மூன்று பேர் செத்தார்கள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் கயிறு கட்டிப் போய்ப் பலரை இறக்கியது அந்த ரோப்வேயிலேயே பராமரிப்பு வேலை செய்த ஒரு தொழிலாளி. டி.வி.யில் பார்த்தபோது அவர் முகத்தைவிடக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற தகுதி எனக்கு இல்லை. அதற்கு இன்ஜினியர் வருவார், நல்லவர், என்னோடு சேர்ந்து ஏறிப் பார்க்கிறவர். போன வருசம் திருப்பூரில் ஒரு கம்பெனியில் லிப்டைச் சுற்றித் தரை துடைக்கிற பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, மேல இருக்கற சுவிச்சைக் கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க, நீங்க வர்றீங்கன்னு காலைலதான் அவுத்தாங்க" என்றான். எந்த ஊர்ப் பையன், என்ன ஆள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது, அவன் பேசும்போது இரண்டடி தள்ளி நின்றான். ஏறிப் பார்த்தேன், சுவிச்சின் கழுத்தில் கம்பி அறுத்த தடம் புதுசாக மின்னியது. வேலை போய்விடுமா என்று முதலில் அவனிடம் கேட்டேன். "எழுதிக்கங்கண்ணா" என்றான். குறிப்புக் கட்டத்தில் அவன் பேரைப் போட்டு, 'இவர் சொன்னதால் தெரிய வந்தது' என்று எழுதினேன். மெயின்டனன்ஸ் மேனேஜர், "க்ளீனர் பையன் பேரெல்லாம் எதுக்குங்க?" என்றார். "பாத்தது அவன்தானுங்களே" என்றேன்.

சுவிச் மாற்றினார்கள். டைப் அடித்த அறிக்கை பத்து நாள் கழித்து வந்தது. குறை இருந்தது, சரி செய்ததும் இருந்தது, பையன் பேர் இல்லை. நான் கையால் எழுதின நகலை மடித்து அப்பாவின் பீடி டப்பாவில் வைத்திருக்கிறேன், அந்தப் பதினொரு துண்டுக்கு மேலே.