வண்ணம் வளர்த்த சிற்றூர்

உக்ரைன் நாட்டின் நடுவே பாய்ந்து கருங்கடலில் கலக்கும் பேராறு நீப்பர் ஆகும். அதன் இடக்கரைப் பகுதியில், நீப்ரோ என்னும் பெருநகருக்கு வடமேற்கே, பரந்த சமவெளி ஒன்று உண்டு. கோடையில் கோதுமையும் சூரியகாந்தியும் அங்கே பொன்னிறம் காட்டும். குளிர்காலத்தில் வெண்பனி நிலமெங்கும் போர்த்திருக்கும். அச்சமவெளியில், சாப்லின்கா என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்த ஊரே பெத்ரிக்கிவ்கா. அங்குக் கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை. வாழ்வோரும் சில ஆயிரவரே. ஆயினும், தூரிகை ஒன்றினால் உலகப் புகழ் எய்தியது அச்சிற்றூர்.

கொசாக்குகள் என்னும் குதிரை வீரர் குடியேறிய ஊர் அது. அவர்தம் கடைசித் தலைவரான பெத்ரோ கல்னிஷெவ்ஸ்கி, 1772-ஆம் ஆண்டில், வெள்ளத்தால் வருந்திய அண்டைக் குடிமக்களை அங்கே அமர்த்தினார். 1775-ஆம் ஆண்டில் பேரரசி இரண்டாம் கேத்தரீனின் படை கொசாக்குகளின் பாசறையை அழித்தது. தலைவரோ வடகடல் தீவில் சிறைப்பட்டார். எனினும், ஊர் மக்கள் பண்ணையடிமைகள் ஆகாமல் உழுதுண்டு வாழ்ந்தனர்.

அவர்தம் இல்லங்கள் மண்சுவர் உடையவை. ஆண்டுதோறும் அச்சுவர்களுக்கு வெள்ளை பூசுவர்; அதன்மேல் பூவும் கொடியும் பறவையும் எழுதுவர் பெண்டிர். பூனை மயிரால் கட்டிய மெல்லிய தூரிகையே அவர்தம் கருவி. பழச்சாறும் இலைச்சாறும் முட்டைக் கருவுடன் கலந்து வண்ணமாகும். செங்கனிகளை விரல் நுனியால் ஒற்றி அமைப்பர். மறு ஆண்டில் வெள்ளை பூசும்போது பழைய ஓவியம் மறையும், புதியது மலரும். ஆதலின், அக்கலை சுவரில் வாழவில்லை. தாயின் கையிலிருந்து மகளின் கைக்குச் சென்று வாழ்ந்தது.

கை ஓய்ந்தால் கலையும் ஓயுமன்றோ? அத்தகைய காலமும் வந்தது. 1932, 1933-ஆம் ஆண்டுகளில் உக்ரைனைக் கொடும்பஞ்சம் வாட்டியது. விளைந்த தானியத்தை அரசு பறித்துச் சென்றமையால் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். பசித்த வீட்டில் பூ எழுதுவார் யார்?

பஞ்சம் கழிந்தபின், 1936-இல் அவ்வூரில் ஓவியப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. ஆசிரியையாக அமர்ந்தவர் தெத்தியானா பாத்தா என்னும் ஊர்ப் பெண்மணி. தாம் அறிந்ததனைத்தையும் ஒளியாது மாணவர்க்கு வழங்கினார் அவர். 1941-இல் போர் மூண்டது, பள்ளி மூடப்பட்டது. ஐந்தே ஆண்டுகள்! ஆயினும், விதைத்த விதை வீண்போகவில்லை. அவரிடம் பயின்ற பெதிர் பான்கோ என்பார் போர்முனைக்குச் சென்று மீண்டார். 1958-இல் அவ்வூரில் ஓவியத் தொழிற்கூடம் ஒன்றை அமைத்துப் பலரைப் பயிற்றினார். 1976-இல் மறைந்த பாத்தா அம்மையார், தம் கலை மீண்டும் தழைத்ததைக் கண்ணாரக் கண்டார்.

2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பெத்ரிக்கிவ்கா ஓவியத்தை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. 2022-இல் ரஷ்யா பெரும்படையெடுப்பைத் தொடங்கிய பின்னும் அவ்வூர்த் தூரிகைகள் ஓயவில்லை.

வெள்ளை பூசினால் மறையும் ஓவியம் அது. எனினும், படையும் பஞ்சமும் அதனை அழிக்க இயலவில்லை. கற்றதைப் பிறர்க்கு ஈந்த கைகளே அதனைக் காத்தன. கொடுக்கக் குறையாத செல்வம் கலை என்பதற்கு அச்சிற்றூரே சான்று.