வெள்ளைத் தாள்

மக்தபுச் சிறார்க்கு அல்பகரா அத்தியாயத்தின் 69ஆம் வசனத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். காண்போரை மகிழ்விக்கும் மஞ்சள்நிறப் பசுவைப் பற்றியது அது. “மகிழ்ச்சிக்கு மஞ்சள், துயரத்திற்கு எந்நிறம்? தீட்டிக் காட்டுங்கள்” என்றேன்.

பலரும் கறுப்பைத் தீட்டினர். ஒருவன் மட்டும் வெறுந்தாளை நீட்டினான். சோம்பலென்று கடிந்துகொண்டேன்.

“வெள்ளை தீட்டியிருக்கேன் ஹஜ்ரத். வாப்பா மவுத்தானதிலிருந்து உம்மா வெள்ளைதானே உடுத்துறாங்க” என்றான்.

தாளைச் சாய்த்துப் பார்த்தேன். வெண்மெழுகின் பூச்சு மினுங்கிற்று. என் நா எழவில்லை.

வெண்மை தூய்மைக்கே உரியதென்று கற்பித்து வந்தவன் நான். அல்ஹதீத் அத்தியாயத்தின் 20ஆம் வசனத்தில் அதே மஞ்சள் வாடிய பயிரின் நிறமாக வருவதை ஓதியிருந்தும் மறந்தேன்.

பெற்றோரே! பிள்ளை தீட்டும் வண்ணத்திற்கு நாம் பொருள் கூறுமுன், அப்பிள்ளையிடமே கேட்போமாக.