சுவர் தாண்டாத சிக்னல்!

எங்கள் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்கு மொபைலில் வைஃபை லிஸ்ட்டைத் திறந்தால், ரேஷன் கடை க்யூ மாதிரி நீளும். பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு, அதற்கும் கீழே ‘பாஸ்வேர்டு கேக்காத’, ‘துட்டு குடு நெட்டு எடு’ என்று நக்கலாகப் பேர் வைத்திருக்கும் நம்ம பசங்களின் ரூட்டர்கள்... ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று!

ஊர் நெட்டுக்குப்பம். எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவர் குப்பம். “பேர்லயே நெட்டு இருக்கு, உங்களுக்கு இன்னா மச்சி குறை?” என்று காலேஜில் ஓட்டுவார்கள்.

குறை இருந்தது பாஸ். அதுவும் கரெக்டாக எங்கள் அக்காவுக்கு.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. முன் ரூம், நடு ரூம், சமையல்கட்டு, அதை ஒட்டி ஒரு சின்ன ரூம் என்று வரிசையாகப் போகும். முன் ரூம் டி.வி.க்கும் தம்பிக்கும் சொந்தம். நடு ரூம் ஆயாவுக்கு. கதவைச் சாத்திக்கொண்டு நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசிப் பழக வேண்டும் என்றால், மிச்சம் இருப்பது அந்தக் கடைசி ரூம்தான். எம்.காம். முடித்துவிட்டு வேலை தேடும் அக்காவின் ‘ஆபீஸ்’ அது.

2020-ல் ஆன்லைன் கிளாஸ் வந்தபோது மொட்டை மாடிதான் அவளுக்கு கிளாஸ் ரூம். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை காலேஜ் பசங்களுக்கு கவர்மென்ட் கொடுத்த தினம் 2 ஜி.பி. டேட்டாவை, ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரி அளந்து அளந்து செலவு செய்தாள். அப்புறம் வீட்டுக்கு ஃபைபர் வந்தது. ‘இனிமே கவலையில்லை’ என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால், கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர், ஒயர் எங்கே உள்ளே நுழைந்ததோ அங்கேயே, அதாவது முன் ரூம் டி.வி. ஸ்டாண்டிலேயே பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். தம்பி கேம் ஆடும் இடத்தில் ஃபுல் சிக்னல். அக்கா உட்காரும் இடத்தில் ஒரே ஒரு புள்ளி!

இப்போதெல்லாம் முதல் ரவுண்டு இன்டர்வியூவே வீடியோவில்தானே? கேள்வி கேட்பவர் பாதி வார்த்தையில் சிலை மாதிரி நிற்பார். “கேக்குதாம்மா?” என்று அவர் கேட்க, “கேக்குது சார், கேக்குது சார்” என்று இவள் கத்த... இரண்டு இன்டர்வியூ இப்படியே போனது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் இருந்த சோற்றை வடிக்கப் போய்விட்டாள்.

“பிளானை மாத்து, ஸ்பீடை ஏத்து!” - இதைச் சொல்லாத ஆள் இல்லை. நான் பி.எஸ்சி. எலெக்ட்ரானிக்ஸ் என்பதால் கேஸ் என்னிடம் வந்தது. மொபைலை எடுத்துக்கொண்டு ரூம் ரூமாக ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். முன் ரூமில் 50 எம்.பி.பி.எஸ். பிளானுக்கு 45 வந்தது. கடைசி ரூமில் 3, சில நேரம் 4. மேட்டர் அவ்வளவுதான்! தப்பு தெருவில் வரும் கேபிளில் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் முப்பதடி காற்றில்தான் இருக்கிறது. பிளானை ஏற்றினால் தம்பிக்குத்தான் கொண்டாட்டம்.

ஒரே ரோட்டில் அத்தனை வண்டியும்!

எங்களுக்குக் கொடுத்த பெட்டிக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். இந்த அலைவரிசையை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பைக், ஷேர் ஆட்டோ, பஸ், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி எல்லாம் ஒரே ரோட்டில். அதே மாதிரிதான், வைஃபை, புளூடூத் ஸ்பீக்கர், மைக்ரோவேவ் அவன் எல்லாமே 2.4 பக்கம் குவிந்திருக்கின்றன. ஏன்? லைசென்ஸ் தேவையில்லாத இடம் இது. அமெரிக்கா 1985-ல் இப்படித் திறந்துவிட்டது. இந்தியாவில் 2005-ல் லைசென்ஸ் வேண்டாம் என்று விதி வந்தது. ஆனால், ரோட்டின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். 13 சேனல் என்பது சும்மா பேருக்கு. ஒன்றையொன்று இடிக்காமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மூன்று லேனில் 23 வண்டி என்றால் எப்படி இருக்கும்?

இதை அப்பாவுக்குப் புரியவைக்க நான் தலைகீழாக நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவர் ரொம்ப கூலாக, “இன்னாடா, வி.எச்.எஃப். மாதிரியா?” என்றார். தொழிலுக்குப் போகும்போது போட்டில் எடுத்துப் போகும் செட் அது. 16-ஆம் சேனலில் கூப்பிட வேண்டும், ஆள் கிடைத்ததும் வேறு சேனலுக்கு மாறிப் பேச வேண்டும். “எல்லாரும் ஒரே சேனல்ல வாயைத் தொறந்தா ஒருத்தர் பேசறதும் வெளங்காதுடா” என்றார். எங்கள் புரொஃபசர் ஒரு பீரியடு நடத்தியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்!

அடுத்த ரோடுதான் 5 ஜிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2018-ல் இதில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். 83.5 எங்கே, 605 எங்கே! அதனால்தான் வேகம். ‘டூயல் பேண்ட்’ என்றால் இந்த இரண்டு ரோட்டிலும் வண்டி ஓட்டத் தெரிந்த ரூட்டர். (ஒரு விஷயம் ஃப்ரெண்ட்ஸ்... வைஃபை பேருக்குப் பின்னால் ‘5ஜி’ என்று இருந்தால் அது 2022 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த மொபைல் 5ஜி இல்லை. இது 5 ஜிகாஹெர்ட்ஸ், அது ஐந்தாம் தலைமுறை. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது!)

இந்த 5-க்கு ஒரு வீக்னெஸ் உண்டு. 2.4-ன் அலைநீளம் சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டர். 5-ன் அலைநீளம் அதில் பாதிதான். செங்கல், கான்கிரீட் என்று ஏதாவது குறுக்கே வந்தால் சீக்கிரம் களைத்துவிடும். ஒரு சுவர் தாண்டும், இரண்டாவது சுவரில் தள்ளாடும். ‘அப்போ அக்கா ரூமுக்கு எப்படிப் போகும், வேஸ்ட்டுதானே?’ என்று ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான்.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. நம்ம 5 பக்கத்து வீட்டுக்கு ஒழுங்காகப் போகாது என்றால், பக்கத்து வீட்டு 5-ம் நம்ம வீட்டுக்குள் ஒழுங்காக வராது! சுவரோடு சுவர் ஒட்டிய குப்பத்து வீடுகளில் இதைவிடப் பெரிய வரம் உண்டா? தோட்டம் துரவோடு தனி பங்களாவில் இருப்பவருக்கு 2.4 நன்றாகவே வேலை செய்யும். நெருக்கிக்கொண்டு வாழும் நமக்குத்தான் 5 வேண்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட் படலம்

ரேட் ரெண்டாயிரம் ரூபாய் வாக்கில் இருந்தது. கடல் கொடுக்காத வாரத்தில் இது பெரிய காசு. அதனால் வாங்குவதற்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.

முதலில், ஏற்கெனவே இருக்கும் பெட்டி டூயல் பேண்டா என்று அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். சிலரிடம் இருக்கும். 5 ‘ஆஃப்’-பில் கிடக்கும். ஆன் செய்தால் செலவே இல்லை. இரண்டாவது, உங்கள் மொபைலும் லேப்டாப்பும் 5-ஐப் பிடிக்குமா? பழைய மாடல்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஃப்ரெண்ட் வீட்டு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை உங்கள் லிஸ்ட்டில் வருகிறதா என்று பார்த்தாலே போதும், தெரிந்துவிடும்.

அப்புறம், கத்திவாக்கத்தில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடைக்காரர் நாலு ஆன்டெனா வைத்த பெட்டியைக் காட்டி, “1200 ஸ்பீடு தம்பி!” என்றார். அந்த 1200 என்பது 2.4-க்கு 300, 5-க்கு 867, இரண்டையும் கூட்டி, ரவுண்டாகப் போட்ட கணக்கு. அதுவும் பேப்பரில் வரும் வேகம். ஒரு மொபைல் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். ஆன்டெனாவை எண்ணி வாங்குவதும் வெட்டி வேலை. பின்னால் இருக்கும் போர்ட்டைப் பாருங்கள். அது 100 எம்.பி.பி.எஸ். போர்ட் என்றால், 200 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டாலும் உள்ளே வருவது 100-க்குக் கீழேதான். எங்கள் 50-க்கு அந்த போர்ட்டே தாராளம். அதனால் சாதா டூயல் பேண்டே போதும் என்று வாங்கிவிட்டேன்.

பெட்டியை எங்கே வைப்பது?

வாங்குவது ஈஸி பாஸ். எங்கே வைப்பது என்பதில்தான் வீடே இரண்டாகிவிட்டது. “டி.வி. பக்கத்துலயே இருக்கட்டும்” என்றான் தம்பி. “என் தலைக்கு மேல லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சா தூக்கம் வராது” என்றார் ஆயா. ஆனால், கணக்கு சிம்பிள். 5 ஒரு சுவர்தான் தாண்டும் என்றால், அக்கா ரூமுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்க வேண்டும். முன் ரூமில் ஃபைபர் பெட்டி அப்படியே இருக்கட்டும். அதிலிருந்து பத்து மீட்டர் லேன் கேபிளைச் சுவரோரமாக இழுத்து, புது ரூட்டரைச் சமையல்கட்டு வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டினோம். உயரத்தில், இரும்பு பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் தள்ளி. இரும்பும் தண்ணீரும் சிக்னலுக்கு ஆகாது. தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ‘நெட்டு ஸ்லோ’ என்று புலம்பக் கூடாது.

ஆயாவுக்காக அந்த மினுக்கு லைட் மேல் கறுப்பு டேப் ஒட்டியாயிற்று. “இது யாருக்காகடா இங்க மாட்டறே?” என்று கேட்ட அம்மா, பதில் தெரிந்ததும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

செட்டிங்ஸில் இரண்டுக்கும் தனித்தனிப் பேர் வைத்தேன். அக்காவின் லேப்டாப்பும் தம்பியின் கேமும் 5-ல். ஆயா சீரியல் பார்க்கும் பழைய போன் 2.4-ல். 2.4-ஐ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்திலேயே வைத்து, 1, 6, 11-ல் கூட்டம் குறைவான சேனலைப் போட்டேன். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றினேன். “ஹார்பர்ல கப்பல் ரேடார் சுத்துதே, கெடுக்காதா?” என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி! கப்பல்கள் வழி பார்க்கும் ரேடார் 3, 9 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறது. நம்ம 5-க்கு அது குறுக்கே வராது.

ஒரு சின்னச் செலவு பாக்கி இருந்தது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை ஊருக்கெல்லாம் கரன்ட் கொடுத்த இடம். ஆனாலும் மழை, காற்று என்றால் எங்கள் தெருவிலும் லைட் அணையும். ரூட்டர் வெறும் 12 வோல்ட்டில் ஓடுவது. அதற்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்துப் போட்டால்தான் பிரயோஜனம். உப்புக் காற்றில் அடாப்டர் பின் பச்சை பிடிக்கும். மாசத்துக்கு ஒருதரம் கழற்றி, காய்ந்த துணியால் துடைத்துப் போடுகிறேன்.

சரி, ரிசல்ட்? கடைசி ரூமில் இப்போது 38, 40 வருகிறது. ஒரு சுவர் தாண்டி வருவதற்கு இது போதும், போதும். புது ரூட்டர் வந்த மூன்றாவது வாரம் அக்காவுக்கு இன்னொரு வீடியோ இன்டர்வியூ. நாற்பது நிமிஷம். ஒரு தடவைகூட யாரும் சிலையாகவில்லை!

வேலை கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? இரண்டாவது ரவுண்டில் அக்கவுன்ட்ஸ் கேள்வி ஒன்றில் மாட்டிக்கொண்டாள். கிடைக்கவில்லை. ஆனால், அன்றைக்கு வெளியே வந்தவள் பேசினாள். எந்தக் கேள்வி, என்ன பதில், எங்கே விட்டாள் என்று ராத்திரி முழுக்கப் பேசினாள். “அடுத்த தடவ இத விடமாட்டேன்டா” என்றாள். முதல் இரண்டு இன்டர்வியூவில் அவள் என்ன பதில் சொன்னாள் என்று எதிரில் இருந்தவருக்கே கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்டது. கேட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள். படித்துச் சரிசெய்யக்கூடிய தோல்வி அது.

ஸோ ஃப்ரெண்ட்ஸ், டூயல் பேண்ட் வாங்குகிறீர்களோ இல்லையோ, இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். மொபைலை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டில் கடைசி ரூம் வரை நடந்து பாருங்கள். புள்ளி எங்கே குறைகிறது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெட்டியை மாட்ட வேண்டியது அவர்களுக்குப் பக்கத்தில்தான்!