கமலாலயம் முழுவதும் ஒரே படத்தில்

திருவாரூரில் பிறந்தாலே முக்தி என்பர் பெரியோர். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று அவ்வூரார் பெருமையுடன் சொல்வதும் உண்டு. தியாகேசப் பெருமானின் திருக்கோயிலுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் கமலாலயத் திருக்குளத்தை ஒரே பார்வையில் கண்ணுக்குள் அடக்க இயலாது. வடகரையை நோக்கினால் தென்கரை மறையும். நடுவே நீர் சூழ நிற்கும் சிறு கோயிலை நோக்கினால் இரு கரைகளும் விலகும்.

என் அத்தை அவ்வூரில் பிறந்து, அக்குளத்தில் நீராடி வளர்ந்தவர். வயது 86. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு இருக்கிறார். இனிப் பயணம் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். கண்பார்வையும் மங்கி வருகிறது. "கண்ணு இருக்கறப்பவே கமலாலயத்தை முழுசா ஒரு தடவை பார்த்துடணும்டா. துண்டு துண்டாக் காட்டாதே" என்றார். புகைப்படக் கலையில் எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கும் முறையே அவர் வேண்டுகோளுக்கு ஏற்றதெனத் தேர்ந்தேன்.

கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு உயர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது நினைவிருக்கலாம். கருவறையைப் படம் பிடிக்கும் எண்ணமே எனக்கு இல்லை. வெளியே, மேலைக்கரையின் நடுப்பகுதியில் இடம் பார்த்தேன். அங்கிருந்து நோக்கினால் எதிரே குளமும் அதற்கப்பால் மேலைக் கோபுரமும் தெரியும். காலையில் கதிரவன் கோபுரத்துக்குப் பின்னிருந்து கண்ணைக் கூசச் செய்வான். மாலையில் நமக்குப் பின்னிருந்து ஒளி தருவான். ஆகவே மாலையே உகந்தது.

முதல் வேலை, ட்ரைபாட் எனும் முக்காலியை அசையாது நிறுத்துவது. படிகளில் வைப்பதானால் இரு கால்களைத் தாழ்ந்த படியிலும், ஒரு காலை மேற்படியிலும் ஊன்ற வேண்டும். நடுத்தண்டை உயர்த்தலாகாது, உயர்த்தினால் காற்றில் ஆடும். கனமான பையை அதன் கீழே தொங்கவிடலாம். பின்னர் ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்குமாறு கால்களைச் சரிசெய்ய வேண்டும். மட்டம் தவறினால் கேமரா திரும்பத் திரும்ப, நீர்விளிம்பு மாடிப்படிபோல் ஏறும் அல்லது இறங்கும்.

அடுத்தது மிகவும் நுட்பமானது. கேமரா தன் லென்ஸுக்குள் இருக்கும் ஒரு புள்ளியை அச்சாகக் கொண்டு சுழல வேண்டும். அதைக் கண்டறிய, உடன் வந்த என் மகனைச் சற்றே முன்னால் குடையைச் செங்குத்தாகப் பிடித்து நிற்கச் சொன்னேன். குடைக்கம்பும் தொலைவிலுள்ள கோபுரத்தின் விளிம்பும் ஒரே கோட்டில் தெரிந்தன. கேமராவை இடமும் வலமுமாகத் திருப்பியபோது அக்கோடு பிரிந்தது. கேமராவைச் சட்டத்தில் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்த, ஓரிடத்தில் அவை பிரியாது நின்றன. அதுவே அந்தப் புள்ளி. அது தப்பினால், இணைக்கும்போது அருகிலுள்ள படிக்கட்டு உடைந்து தோன்றும்.

பிறகு கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, ஒளியளவையும் குவியத்தையும் தானியங்கியில் விடாமல் கையாலேயே அமைத்து நிலைநிறுத்தினேன். என் 35 மி.மீ. லென்ஸுக்கு 25 பாகைக்கு ஒன்றாக எட்டுப் படங்கள் போதுமானவை. ஒவ்வொன்றும் முந்தையதன் மூன்றில் ஒரு பங்கையேனும் தழுவ வேண்டும். நடந்து செல்வோர் இரு படங்களில் அகப்பட்டால் ஒருவரே இருவராகத் தோன்றுவர். ஆதலால் அவர்கள் கடக்கும்வரை காத்திருந்தேன்.

காத்திருந்த வேளையில் தண்டியடிகள் நினைவுக்கு வந்தார். பிறவியிலேயே பார்வையற்ற அந்நாயனார், இக்குளத்தைத் தூர்வாரக் குளத்துள்ளும் கரையிலும் தறிகளை நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவியே சென்று மண் சுமந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. நட்ட தறி அசையாததால் அவர் வழி தவறவில்லை. ஊன்றிய முக்காலியைப் பார்த்தபோது அந்தத் தறிதான் கண்முன் நின்றது.

இணைத்த படத்தை ஐந்தடி நீளத்துக்கு அச்சிட்டு அத்தையின் கட்டிலருகே மாட்டினேன். அவர் படிகளின் மேல் விரலை வைத்து, வடகரையிலிருந்து மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கதான் எங்கம்மா எனக்கு மஞ்சள் தேச்சுக் குளிப்பாட்டுவா" என்றார். விரல் எங்கும் தடைபடாமல் தென்கரையை அடைந்தது. பிறகு கைகூப்பினார்.

நேரில் சென்று தரிசிப்பதற்கு எந்தப் படமும் ஈடாகாது. எனினும் நடக்கவியலாத மூத்தோர் உள்ள இல்லங்களில், பேரன் பேத்தியரிடம் சொல்லி அவர்தம் ஊர்த் திருக்குளத்தை இவ்வாறு எடுத்துவரச் செய்யலாம். முக்காலி இல்லையெனில் கைப்பேசியும் போதும். கையை நீட்டி வீசாமல், கைப்பேசி நின்ற இடத்திலேயே சுழலுமாறு அதைச் சுற்றி நாம் மெல்ல அடியெடுத்து வைக்க வேண்டும். மையம் நிலைத்தால் சுற்றிலுமுள்ளவை தாமே பொருந்தும்.